வியாழக்கிழமைப் பட்டியல்

பாலு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்றைக்கு வெள்ளி. நடுவில் மூன்று நாள் என்ன செய்தாய் என்று கேட்பாய். பயந்துகொண்டிருந்தேன். அது உனக்குப் புதுச் செய்தி இல்லை என்று நீ சிரிப்பது இங்கே கரமனை வரைக்கும் கேட்கிறது. தந்திக்காரன் எதிர்வீட்டுக்குப் போனாலும் நான் வாசலுக்கு ஓடுவேன். பம்பாயில் மழை என்று ரேடியோவில் சொன்னால், நீ நனைந்தாயா என்று இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு கவலைப்படுவேன். அதையெல்லாம் சொல்லி நீ என்னைக் கேலி செய்திருக்கிறாய், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போதைய பயம் அந்த ரகம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் என்னோடு குடியிருக்கிற பயம் இது. உனக்கு நான் அதைக் காட்டியதே இல்லை.

எழுத்து மங்கலாக இருக்கும். என் கண்ணைப் பற்றிக் கவலைப்படாதே, கண் நன்றாகத்தான் இருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். மலையாளப் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த பலன், நீ தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். ஆகவே மெதுவாகப் படி. பாதியில் வைத்துவிட்டு டிரங்க் கால் போட ஓடாதே. டெலிபோனில் உன் குரலைக் கேட்டால் நான் வேறு எதையாவது பேசி மழுப்பிவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

நீ நாலு விஷயம் எழுதியிருக்கிறாய். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே, நீ படித்த அதே துறையிலேயே, லெக்சரர் வேலை கிடைத்துவிட்டது. ஜூனில் வந்து சேருகிறாய். வந்த முதல் சனிக்கிழமையே பழைய மாணவர்கள் கூடுகிற கூட்டம், அதில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் படித்துவிட்டுப் பிள்ளையாருக்கு விளக்கேற்றினேன். திரும்பி வந்து நாலாவதைப் படித்தேன். ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் செல்வராஜைப் பார்ப்பேன், அவன் என் மேல் என்ன கோபத்தில் இருந்தாலும் கையைப் பிடித்து அந்தக் கூட்டத்துக்கு அழைத்து வருவேன், அந்த நாளில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைக் கொடுத்து எனக்காகப் போலீஸில் மாட்டிக்கொண்டவன் இவன் என்று மேடையில் நின்று சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லாதே, பாலு. அவன் தன் பெயரைக் கொடுக்கவில்லை. அவன் பெயரைப் போட்டது நான்.

அவனுக்கு அது தெரியாது. நீ சொல்லி நான் மாற்றினேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த நிலையில் நீ போய் அவன் கடை வாசலில் நின்று, எனக்காகக் கஷ்டப்பட்டவனே என்று கையைப் பிடித்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். என்னை மாட்டிவிட்டதும் இல்லாமல் இத்தனை வருஷம் கழித்து வந்து நடிக்கிறான் என்றுதான் நினைப்பான். நீ கண்ணீரோடு நிற்பாய், அவன் உன்னை வெறுத்துக்கொண்டு நிற்பான், இரண்டு பேருக்கும் காரணம் தெரியாது. காரணம் இங்கே கரமனையில் உட்கார்ந்து உனக்குப் பிடித்த சேவை பிழிந்துகொண்டிருக்கும். அதை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அந்தப் பல்கலைக்கழக ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தது உனக்குத் தெரியும். என்ன டைப் அடித்தேன் என்பது பாதிதான் தெரியும். உன் அப்பா போன பிறகு, ஒன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி அந்த வேலையில் சேர்ந்தேன். வியாழக்கிழமைதோறும் எனக்கு ஒரே வேலை, அடுத்த வாரம் வளாகத்தில் என்னென்ன நடக்கப்போகிறது என்கிற பட்டியல். துறைகளும் சங்கங்களும் புதன்கிழமைக்குள் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும். திங்கள் மூன்று மணிக்குக் கரையான் பற்றிச் சொற்பொழிவு. செவ்வாய், பூப்பந்து இறுதி ஆட்டம். புதன், ரத்ததான முகாம், கொடுக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வரவும். சனிக்கிழமை நூலகம் ஒரு மணிக்கு மூடப்படும். வேதியியல் கட்டடத்தில் கிடைத்த பெண்கள் குடை ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் குடை ஏழு வாரம் பட்டியலில் வந்தது. கேட்பாரில்லாமல் கடைசியில் எங்கள் சூப்பிரண்டு பிள்ளை சாரே ஒரு மழைநாளில் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில், ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். எழுத்து தாளை வெட்டிக்கொண்டு போகும். தப்பு வந்தால் பூசுவதற்குச் சின்னக் குப்பியில் ஒரு சிவப்புத் திரவம் இருக்கும், மூடியிலேயே பிரஷ். தப்பின் மேல் பூசி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் சரியான எழுத்தை அடிக்கலாம். பிறகு சைக்ளோஸ்டைல் மெஷினில் மாட்டிச் சுற்றினால் அறுபது பிரதி வரும், வெள்ளிக்கிழமை காலையில் எல்லாப் பலகையிலும் ஒட்டிவிடுவார்கள். அங்கே முன்னால் வேறு எழுத்து இருந்தது என்று பிரதியைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தப்பு வருவது குறைவு. அந்தக் குப்பி எனக்கு ஒரு வருஷம் வரும் என்று ஆபீஸில் பெருமையாகச் சொல்வார்கள்.

நீ ஆறாம் கிளாஸில் இருந்தபோது ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்துப் பொன்முடி மலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு பள்ளத்துக்கு மேலே போய் நின்றுவிட்டுத் திரும்பியது. நாலாவது வளைவில் நான் எழுந்து, "நிறுத்துங்கோ, நாங்க எறங்கிக்கறோம்" என்று கத்தினேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் முழுக்கச் சிரித்தது. "அம்மா, ஒந்நும் பேடிக்கண்டா, கேறிக்கோ" என்று பிள்ளை சார் ஜன்னல் வழியாகச் சொன்னார், பயப்படாமல் ஏறிக்கொள் என்று. நான் ஏறவில்லை. மூடுபனியில் நாம் இரண்டு பேரும் நடந்தோம். தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீடுகளைத் தாண்டும்போது நீ கேட்டாய், "பயம் ஒனக்குத்தானேம்மா, என்னை எதுக்கு எறக்கினே?" உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாம் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்துத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆறிப்போன புளியோதரையை நீ பஸ்ஸில் நின்றுகொண்டே சாப்பிட்டாய். இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

செல்வராஜ் நம் வீட்டுக்கு முதன்முதலாக வந்தது ஈரத் துணியோடு. ஆற்றில் இறங்கமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். ஆற்றங்கரைத் தெருவில் வளர்ந்து இருபது வயது வரை நீச்சல் தெரியாத ஒரே பிள்ளை நீதான். நீ எம்.ஏ. சேர்ந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நீயும் அவனும் வாசலில் நின்றீர்கள். "மாமி, இவன் நீந்தப் படிச்சாச்சு" என்றான், ஏதோ பரிசு வாங்கி வந்தவன் மாதிரி. நான் அவனைத் திட்டாத திட்டு இல்லை. அவன் முகம் மாறவே இல்லை. "வெள்ளத்துல விழுந்தா மாமியா வந்து எடுப்பிய? நீந்தத் தெரிஞ்சா அவனே கேறி வந்துருவாம்லா" என்றான். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாலைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்கு இரண்டு பேருக்கும் காபி கொடுத்தேன். உனக்கு எவர்சில்வர் டம்ளரில். அவனுக்கு, அலமாரியின் கீழ்த்தட்டில் தனியாக வைத்திருந்த கண்ணாடி கிளாஸில். நீ கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். குடித்துவிட்டு வாசல் குழாயில் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாராவாரம் வந்தான், அதே கிளாஸில் குடித்தான், அதே இடத்தில் கவிழ்த்து வைத்தான், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. நீ அவனை அண்ணன் தம்பி போல நினைத்தாய். நான் அவனை நல்ல பையன் என்று சொல்லிக்கொண்டே கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் என் விரல் எந்தப் பெயரைத் தேடிப் போயிற்று என்பது இதைச் சொல்லாமல் விளங்காது.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. உங்களுக்கெல்லாம் அது அரசியல். என் மேஜையில் அது ஒரு பிரதி கூடியது, அவ்வளவுதான். அறுபது என்பது அறுபத்தொன்று ஆயிற்று. கூட்டம் நடத்துகிறவரின் பெயரும் வகுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த அறுபத்தொன்றாவது பிரதியைப் பழுப்புக் கவரில் போட்டு ஒட்டிப் பிள்ளை சாரிடம் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சாதாரண உடையில் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். பூட்ஸ் மட்டும் போலீஸ் பூட்ஸ். முதல் வாரம், "யார் சார் அவர்?" என்று கேட்டேன். "அம்மா அறியண்டா" என்றார் பிள்ளை சார், குரலைத் தாழ்த்தி. நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

பட்டியலில் பெயர் வந்த எல்லாரையும் கூப்பிட்டார்கள் என்று இல்லை. கரையான் சொற்பொழிவுக்காரரை யாரும் தொடவில்லை. ஆனால் விலைவாசி பற்றிப் பேச்சுப்போட்டி வைத்த ஒரு விடுதிப் பையன் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, ஆபீஸ் வராந்தாவில் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரை ஒட்டி நடந்து போனான். அவன் பெயரை அடித்தது நான். அந்தப் பிரதி எங்கே போகிறது என்று தெரிந்தும் உன்னிடம் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் நீ நாலு பேரிடம் சொல்வாய், யார் சொன்னது என்று விசாரணை வரும், வேலை போகும், உன் படிப்பு நிற்கும் என்று பயம். சொல்லியிருந்தால் நீங்கள் எல்லாரும் ஜாக்கிரதையாக இருந்திருப்பீர்கள். நான் வாயைத் திறந்திருந்தால் போதும், மற்றது எதுவும் நடந்திருக்காது.

ஒரு புதன்கிழமை வந்த சீட்டுகளில் ஒன்று செல்வராஜின் கையெழுத்தில் இருந்தது. அச்சு மாதிரி எழுதுவான். அடுத்த வாரம் சனிக்கிழமை மூன்று மணி, பன்னிரண்டாம் அறை, 'இருமல்', நாடக வாசிப்பும் உரையாடலும். எழுதியவர், பொறுப்பாளர் என்று உன் பெயர். வாசிப்பவர்கள் என்று நாலு பெயர், முதலில் அவன். தன் நாட்டில் யாரும் இருமக் கூடாது என்று உத்தரவு போட்ட ராஜாவைப் பற்றி நீ மலையாளத்தில் எழுதினாயே, அந்த நாடகம். நம் சமையலறையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாய், சிரித்துச் சிரித்து எனக்கே இருமல் வந்தது. சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அதை மற்றச் சீட்டுகளுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

வியாழக்கிழமை, உன் பெயரை முதலில் அப்படியே அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீட்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கலாம். கூட்டம் நடந்திருக்காது, எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், நீ இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். அல்லது கான்டீனுக்கு வந்து உன்னைத் தனியே கூப்பிட்டு, வேண்டாம்டா என்று அழுதிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றியது. மெமோவுக்குப் பயம், உன் கோபத்துக்குப் பயம். இருக்கிற பயங்களிலெல்லாம் எனக்குச் சுலபமாக இருந்தது அந்தக் குப்பிதான். திறந்தேன். உன் பெயரின் மேல் பூசினேன். ஊதினேன். காய்ந்ததும் அவன் பெயரை அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஏன் அவன் பெயர்? சீட்டில் முதலில் இருந்தது, அதனால்தான் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பொய். மற்ற மூன்று பேரில் ஒருவன் வக்கீல் வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் அப்பாவுக்குச் செக்ரடேரியட்டில் பெரிய வேலை. மூன்றாவது ஒரு பெண். அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் வீட்டிலிருந்து ஆள் வரும், யார் எழுதியது யார் மாற்றியது என்று கேட்டுக்கொண்டு என் மேஜை வரை வருவார்கள். செல்வராஜுக்காக வந்து கேட்க யாரும் இல்லை, அவன் அப்பாவுக்கு எங்கள் ஆபீஸ் எந்தப் பக்கம் என்றே தெரியாது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் இவ்வளவும் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீ ஓடி வந்தாய். "அம்மா, செல்வராஜ் பண்ணியிருக்கறதைப் பாத்தயா? என் பேரை எடுத்துட்டுத் தன் பேரைப் போட்டுக் குடுத்திருக்கான். நீ பயப்படுவேன்னு பண்ணியிருக்கான். கேட்டா, ஆரு பேரா இருந்தா என்னலேன்னு சிரிக்கறான்." நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். "ஓஹோ" என்றேன். நீ அதைச் சிநேகம் என்று எடுத்துக்கொண்டாய். அவனோ, அப்போதைக்கு ஆபீஸில் நடந்த ஏதோ தவறு என்று விட்டுவிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு இன்னும் ஒரு முழு வாரம் இருந்தது.

சனிக்கிழமை வாசித்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டார்கள், நல்ல கைதட்டல் என்று வந்து சொன்னாய். திங்கள்கிழமை காலை இரண்டு பேர் வந்து அவனை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள். நீ சாப்பிடாமல் அலைந்தாய். நான் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் ஆபீஸ் போனேன். அந்தத் திங்கள்கிழமையே, சீட்டுகளைக் குத்தி வைக்கிற கம்பியிலிருந்து அவன் எழுதிய சீட்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வியாழக்கிழமை வந்தது, அடுத்த பட்டியலை அடித்தேன். தோட்டக்கலைக் கண்காட்சி, செஸ் போட்டி, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள்.

ஆறாம் நாள் அவன் அப்பா ஆபீஸுக்கு வந்தார். வழி விசாரித்து விசாரித்து, தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நேரே என் மேஜைக்கு. "அம்மா, நீங்க பாலுத்தம்பிக்க அம்மைல்லா. எம்மவன் நல்ல பயன்னு ஒரு பேப்பர் எழுதித் தாருங்க. எனக்கு இங்க வேற ஆரத் தெரியும்?" என்றார். எழுதிக் கொடுத்தேன், பாலு. இங்கிலீஷில், ஒரு பக்கம், ஒரு பிழை இல்லாமல். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பத்தாம் நாள் விட்டுவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. படிப்புக்குத் திரும்பவில்லை. சாலையில் ஒரு இரும்புக்கடையில் சேர்ந்தான், பிறகு சொந்தமாகவே சின்னக் கடை போட்டான். உங்கள் வகுப்பில் முதல் மார்க் அவனுக்குத்தான் என்று நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். நீ இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போனாய், இரண்டு தடவையும் எழுந்து உள்ளே போய்விட்டான். பயந்துபோயிருக்கிறான், பெரிய உதவி செய்துவிட்டு முகம் பார்க்கக் கூச்சப்படுகிறான் என்றெல்லாம் நீயே காரணம் கண்டுபிடித்தாய். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நெருக்கடி நிலையை எடுத்தாகிவிட்டது, இனி பயப்பட ஒன்றும் இல்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், சாலைக்கு அரிசி வாங்கப் போனேன். செல்வராஜ் என்னைப் பார்த்துவிட்டான். ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். அங்கே நின்று சொன்னான், "மாமி, அவன்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். சீட்டு எழுதினது நானாக்கும். அவன் பேரத்தான் எழுதினேன். ஆபீஸ்ல மாமி இருக்கிய, அவன் சொல்லாம அது மாறாது. மாத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா, நானே எனக்க பேர எழுதிக் குடுத்திருப்பேன். சொல்லாமச் செஞ்சிட்டு, பெறவு எங்கிட்டயே வந்து ஏம்ல மாத்தினன்னு கேட்டான் பாருங்க, அதுதான் சங்கடம்."

"சொல்றேன்" என்றேன். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் அவன் பக்கத்தில்தான் நின்றேன். பஸ் வந்தது. பையை ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டி வைத்தேன். நீ என்னம்மா முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய். வெயில் என்றேன்.

முதலில் செய்ததைப் பயத்தில் செய்தேன் என்று யாராவது மன்னித்தாலும் மன்னிக்கலாம். இது அப்படி இல்லை. போலீஸ் இல்லை, மெமோ இல்லை. வாயைத் திறந்தால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்ற பயம் ஒன்றுதான். உன் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனை மாட்டிவிட்டேன், பிறகு என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன் பெயரையே அவனிடம் கெடுத்தேன். என் பயத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர்தான் பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டு இத்தனை வருஷமும் அரிசி டின்னுக்கு அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இருக்கிறது. எரிக்கத் துணிச்சல் வரவில்லை, புகையைப் பார்த்து யாராவது கேட்பார்களோ என்று அதற்கும் பயம்.

ஜூனில் நீ அந்தக் கட்டடத்துக்குள் வாத்தியாராகப் போகிறாய். பையன்களும் பெண்களும் உன் மேஜைக்குச் சீட்டு கொண்டு வருவார்கள். எந்தக் காலமாக இருந்தாலும், எவ்வளவு நல்ல காரணம் தோன்றினாலும், அதில் இருக்கிற பெயரை அப்படியே இருக்க விடு. பயமாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நேரே சொல். அது கேவலம் இல்லை. பயத்தை வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டு சாமர்த்தியம் பண்ணினேன் பார், அதுதான் கேவலம். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

எழுத்து ஏன் மங்கல் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேனே. தாளுக்கு அடியில் கார்பன் வைத்துத்தான் முதலிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். அழுத்தி அழுத்தி எழுதி விரல் மரத்துவிட்டது. கார்பன் வைத்துவிட்டால் ஒரு வார்த்தையையும் மாற்ற முடியாது, அடித்துத் திருத்தினால் இரண்டு தாளிலும் தெரியும். அவனுக்கென்று தனியாக எழுதினால் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளப் பார்ப்பேன். உனக்கு எழுதியதையே அவனும் படிக்கட்டும். சாலைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவன், உன்னைவிட வேகமாகப் படித்துவிடுவான். மேல்தாள் அவனுக்கு. உனக்கு வந்திருப்பது அடியில் இருந்த தாள். இத்தனை காலம் எல்லாவற்றிலும் உன்னைத்தான் முதலில் வைத்தேன், இதில் நீ இரண்டாவதாக இரு. நாளை காலை பஸ்ஸில் சாலைக்குப் போகிறேன். அரிசி டின்னை நகர்த்தி அந்தச் சீட்டையும் எடுத்து அவன் தாள்களோடு வைத்துவிட்டேன்.

அம்மா

சனிக்கிழமை மத்தியானம்

இது பேனாவில் எழுதுவது, உன் தாளில் மட்டும் இருக்கும். போய்விட்டு வந்துவிட்டேன். கடையில் இரண்டு பேர் ஆணியும் தாழ்ப்பாளும் கேட்டு நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு நின்றுகொண்டே எல்லாத் தாளையும் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்ப மேலே போய்ப் படித்தான், எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தச் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "எனக்க கையெழுத்து அப்பம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான்.

நான் மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான். "பன்னிரண்டு வருசம் அவனத் திட்டியாச்சு மாமி. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வச்சிருக்கேன், சிநேகிதன்னு ஒருத்தனையும் நம்பாதியன்னு. அத இனி எங்க போய்த் திருப்பி எடுக்கது?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டான். அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அடுத்த ஆள் வந்து கீல் கேட்கிற வரை நின்றுவிட்டு வந்தேன்.

நீ எழுதியிருந்தபடியே செய். ரயிலிலிருந்து இறங்கியதும் முதலில் அவனிடம் போ. பிறகு வீட்டுக்கு வா, வருவதாக இருந்தால்.